நாற்பதாவது கைநாட்டு

1983ஆம் வருஷம் ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். ஓய்வு பெற்ற நீதிபதி அப்புசாமி. டாக்டர் பெரியசாமி. நர்ஸ் சாலம்மாள். சேந்தமங்கலத்திலிருந்து வந்த மாதையன். அவன் தங்கை புருஷன் சடையன். என் மனைவி வள்ளியாத்தாள். அவள் உள்ளே வரவில்லை, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள், ஆனாலும் எல்லாம் காதில் விழுகிற தூரம்தான். பிறகு நான், நாச்சிமுத்து. மொத்தம் ஏழு பேர். யாரைப் பற்றிப் பேசக் கூடினோமோ அந்த மாரக்காள் அங்கே இல்லை. சடையனின் பெண்டாட்டியான அவள் சேலத்து ஆஸ்பத்திரியில் அண்ணன் கொடுத்த ரத்தத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தாள்.

எங்கள் ஊர் எருமப்பட்டிக்குக் கிழக்கே இரண்டு மைலில் இருக்கிறது. நான்கு தலைமுறையாக ஊர் மணியம் பார்த்த குடும்பம் எங்களுடையது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பத்திரத்தில் பெருவிரல் வைத்தால், அது இன்னார் விரல்தான் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி, ‘அடையாளம் காட்டுவது’ என்று போட்டு எங்கள் வீட்டு ஆண் கையெழுத்திட வேண்டும். அந்த வரி இல்லாத கைநாட்டை எந்தச் சர்க்கார் கச்சேரியிலும் தொடமாட்டார்கள். அப்பாவின் மைப்பெட்டி இன்னும் என் மேஜை மேல் இருக்கிறது. எங்கள் வீட்டில் பெண்கள்கூடப் பெயரை எழுதக் கற்றவர்கள். கைநாட்டு என்பது எங்களுக்கு வசைச்சொல்.

1980இல் சர்க்கார் பரம்பரை மணியத்தை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஊரில் என்னைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டினவர்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் நாற்பது வருஷம் உட்கார்ந்த நாற்காலி போனது போனதுதான்.

இரண்டு வருஷம் கழித்து டாக்டர் பெரியசாமி வீடு தேடி வந்தார். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு பங்களாவில் நடந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவர் வேலை பார்த்தார். மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்வதென்றால் இனிமேல் ஒரு குழு உட்கார்ந்து, அது தகுமா தகாதா என்று பார்த்து அனுமதி தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, எதிக்ஸ் கமிட்டி என்று அதற்குப் பெயர் என்றார். டாக்டர்கள் மட்டும் இருந்தால் போதாதாம். வைத்தியம் படிக்காத, ஊர் மதிக்கிற ஒருவரும் வேண்டுமாம்.

"உங்களை விட்டா எனக்கு யாருங்க தெரியும்?" என்றார்.

எனக்கு மறுபடியும் ஒரு நாற்காலி கிடைத்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

முதல் கூட்டமே பெரியசாமியின் ஆராய்ச்சியைப் பற்றித்தான். எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அரைக்கிற மில்லில் தோல் சீவுகிற பெண்களுக்குச் சோகை அதிகம். அதற்குப் புதிதாக ஓர் இரும்புச்சத்து மாத்திரையைச் சோதிக்க வேண்டும். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தே இல்லாத மாத்திரை. ஆறு மாதம். அதுவரை சர்க்கார் நர்ஸ் கொடுக்கும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். யாருக்கு எது போகிறது என்று டாக்டருக்கும் தெரியாது, டப்பா மேல் எண் மட்டும் இருக்கும் என்றார்.

தலைவராக இருந்த நீதிபதி அப்புசாமி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன நினைக்கிறீங்க? உங்க ஊர்க்காரங்கதானே?"

"எனக்கு வைத்தியம் தெரியாதுங்க. ஆனா இது மாட்டுக்கு மூங்கக் கொழாயில மருந்து ஊத்தற மாதிரி இருக்கப்படாது. பாதிப் பேருக்கு வெறும் மாவுதான்னு மொதல்லயே சொல்லிப்போடோணும். அவிய பேசற பேச்சுல சொல்லோணும். சரின்னு சொல்றவ இருக்கட்டும், வேண்டாங்கறவ ஊட்டுக்குப் போகட்டும். புடிச்சு வெக்கப்படாதுங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "இதைத்தான் நான் இத்தனை நேரமா சட்டப் புத்தகத்துல தேடிட்டு இருந்தேன்" என்றார். நான் சொன்னதையே நிபந்தனையாக எழுதி அனுமதி கொடுத்தார்கள். ஒவ்வொரு பெண்ணும் தானே சம்மதப் பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததாக நினைவில்லை.

தை மாதம் முகாம் போட்டு, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து நாற்பது பெண்களைப் பொறுக்கினார்கள். "நாப்பதும் வந்துருமுங்களா?" என்று பெரியசாமி கேட்டார். "என்ற ஊருல ஒருத்தி தப்பமாட்டா" என்றேன். யாரும் கேட்காத வாக்கு அது.

மறுவாரம் மில் கொட்டகையில் சாலம்மாள் நிபந்தனைகளைப் படித்துச் சொன்னாள். கிழங்கு குவியலாகக் கிடந்தது. பெண்கள் சீவிக்கொண்டே கேட்டார்கள்; மடியெல்லாம் செம்மண்ணும் தோலுமாக இருந்தது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"பாதிப் பேருக்கு மாவுங்கறீங்களே, எந்தப் பாதிக்குங்க நர்சம்மா? இந்தச் செவுத்தோரம் இருக்கறவிகளுக்கா, அந்தச் செவுத்தோரம் இருக்கறவிகளுக்கா?"

"அது எனக்கே தெரியாது ஆத்தா."

"உங்களுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, திங்கறவளுக்கும் தெரியாது. அப்பறம் யாருக்குத்தான் தெரியும்? சாமிக்கா?"

"அத்தாயிக்கு மாவு மாத்திரையக் குடுங்க, அவளுக்கு எதத் தின்னாலும் சேரும்!"

கொட்டகை சிரித்தது. சிரிப்பு அடங்கினபிறகு மாரக்காள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். எங்கள் பண்ணையத்தில் மாடு பார்க்கிற சடையன் பெண்டாட்டி. வேலை இருக்கும்போது மில்லுக்கும் இல்லாதபோது எங்கள் காட்டுக்கும் வருவாள்.

"ஏனுங்க நர்சம்மா, இதுல சேந்தா நீங்க இப்பக் குடுக்கற மாத்திரைய நிறுத்திப்போடுவீங்களா?"

"ஆமா, நிறுத்தித்தான் ஆகணும்."

"அப்ப எனக்கு வேணாமுங்க."

"ஏன் மாரக்கா?"

"மாசாமாசம் என்ற ஒடம்புல இருந்து போறது எனக்குத்தானுங்க தெரியும். உங்க மாத்திரையத் தின்னுதான் எந்திரிச்சு நடக்கறேன். அத உட்டுப்போட்டு மாவத் தின்னு பாக்கறதுக்கு எனக்கு உசுரு மிச்சமா இல்லீங்க."

சாலம்மாள் அவள் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதாமல் அடுத்தவளைக் கூப்பிட்டாள். நான் கமிட்டியில் சொன்னது அப்படியே நடந்தது. வேண்டாம் என்றவளைப் பிடித்து வைக்கவில்லை. ஆனால் நான் வாசலில் உட்கார்ந்திருக்கையில், என் பண்ணையத்து ஆளே முதலில் வேண்டாம் என்றாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் சரி என்றார்கள்.

கைநாட்டுகளை அடையாளம் காட்டி எழுதுவதற்காகப் பத்திரங்களை என்னிடம் விட்டுப் போனார்கள். மறுநாள் காலை டாக்டர் ஆள் அனுப்புவதாகப் பேச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுத உட்கார்ந்தேன். முப்பத்தொன்பது முடிந்தது. நாற்பதாவது வெள்ளையாகக் கிடந்தது. சடையனைக் கூப்பிட்டேன்.

"டேய், உம்பொண்டாட்டிக்கு என்னடா வந்துச்சு? ஊரே சரிங்குது."

"அவ வேணாங்கறாளுங்க சாமி."

"நீ புருசன்தானே? சொல்லிப் பாரு."

அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். அவன் இடது பெருவிரலுக்கு நுனி கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் கரும்பாலையில் கரும்பு ஊட்டும்போது உருளை இழுத்து நசுக்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் எங்கேயும் வலது பெருவிரலைத்தான் வைப்பான். அதை நானே பலமுறை எழுதி அடையாளம் காட்டியிருக்கிறேன்.

"புருசன்தானுங்க. ஆனா மாத்திரையத் திங்கப் போறது அவளுங்களே" என்றான். பால் கறக்க நேரமாகிறது என்று போய்விட்டான்.

அவன் சொன்னது சரி. ஃபேர்லேண்ட்ஸ் கூட்டத்தில் அதையேதான் நானும் சொன்னேன். அங்கே நான் சொன்னபோது நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். இங்கே என் பண்ணையத்தாள் என் முகத்துக்கு நேரே சொன்னபோது எனக்குக் காது சூடேறியது.

அப்பாவின் மைப்பெட்டியைத் திறந்தேன். என் இடது பெருவிரலை ஒற்றினேன். பெண் விரல்போலச் சிறியதாக விழட்டும் என்று நுனியை மட்டும் அழுத்தினேன். பக்கத்தில் எழுதினேன்: ‘மேற்படி மாரக்காளின் இடது பெருவிரல் ரேகை. அடையாளம் காட்டுவது, நாச்சிமுத்து.’ எழுத்தில் நடுக்கம் இல்லை. அந்தப் பத்திரத்தைப் பிற்பாடு பள்ளிக்கூடத்தில் பார்த்தபோது அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

ராத்திரி சோறு போடும்போது வள்ளியாத்தாள் கேட்டாள். "ஏனுங்க, வெரல்ல மை?"

"பேனா ஒழுகுது."

அவள் என் பேனாவைப் பார்த்தாள். அது சட்டைப்பையில் மூடியோடு இருந்தது. கொள்ளு ரசத்தை ஊற்றினாள்.

பட்டியலில் பெயர் ஏறினதும் சாலம்மாள் மாரக்காளுக்கு மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டாள். மனசு மாறிச் சேர்ந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம். மாரக்காள் கேட்டதற்கு, "இனி உனக்குப் பண்ணயக்காரர் ஊட்டுல குடுப்பாங்க" என்றிருக்கிறாள். ஆராய்ச்சி மாத்திரை டப்பாக்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தன. காலையில் வள்ளியாத்தாள் எல்லோருக்கும் எடுத்துக் கொடுப்பாள். வழக்கமான மாத்திரைதான் வீடு மாறி வருகிறது என்று மாரக்காள் நம்பினாள். நிறமும் அதே சிவப்பு. தினமும் ராகிக் களி உருண்டையோடு கையில் வாங்கி, எங்கள் மாட்டுக் கட்டுத்தரை ஓரத்தில் நின்று, தண்ணீர் குடித்து விழுங்குவாள். நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

அந்த வருஷம் மழை அடியோடு பொய்த்தது. கிணறுகள் வறண்டன. குச்சிக்கிழங்கு முழங்கை நீளம் போகவேண்டியது விரல் தண்டிக்கு நின்றது. மில்லில் வேலை இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகள் வந்து காட்டுக்குக் காடு பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தன. நான் போர் போடவில்லை. எங்கள் தாத்தா வெட்டிய கிணறு என்னை ஏமாற்றாது என்று சொல்லி, இன்னும் பத்தடி ஆழப்படுத்த ஆள் விட்டேன். ஆண்கள் பாறையை உடைக்க, பெண்கள் கூடையில் மண்ணையும் கல்லையும் தலையில் சுமந்து படியேறி மேலே கொண்டுவந்து கொட்டினார்கள். மாரக்காளும் சுமந்தாள்.

இரும்புச்சத்து மாத்திரை தின்றால் வெளிக்குப் போவது கருப்பாக இருக்கும். பெண்கள் அதை வைத்தே யாருக்கு மருந்து, யாருக்கு மாவு என்று ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். டாக்டருக்குத் தெரியாதது கிணற்று மேட்டுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. வள்ளியாத்தாள் அதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"ஏனுங்க, மாரக்காளுக்குக் கருக்கலையாமுங்க. முன்ன நர்சு மாத்திரை தின்னப்பக் கருக்குமாம். எங்கிட்ட வந்து கேக்கறா, ‘ஆத்தா, மாத்திரை மாறிப்போச்சுங்களா’ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தச் சொல்றது? அவதான் அந்த லிஸ்ட்டுலயே இல்லியே. அன்னைக்கு வேண்டாமுன்னுதானே சொன்னா? அப்பறம் எப்படி அவ பேருல டப்பா வந்துச்சு?"

"அதெல்லாம் டாக்டரு பாத்துக்குவாரு. நீ தலையிடாதே."

"அவ மொகம் வெளுத்துப் போச்சுங்க. கண்ணுக்குக் கீழ வீங்கிக் கெடக்குது."

"வெய்யில்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

அன்றைக்கே டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, சாலம்மாளைக் கூப்பிட்டு, பழைய மாத்திரையைக் கொடு என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். ஏன் என்று அவள் கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னும் சில மாதம்தானே என்று விட்டுவிட்டேன்.

அதைவிடவும் ஒன்று செய்தேன். சித்திரையில் டாக்டர் பெரியசாமி இரண்டாவது முறை ரத்தம் பார்க்க வந்தார். மாரக்காள் அவர் முன்னால் நின்றால், ‘நான்தான் வேணாமுன்னனேங்க’ என்று சொல்லிவிடுவாள். அதனால் காலையிலேயே கூப்பிட்டு, எருமப்பட்டிச் சந்தைக்குப் போய்க் கயிறும் தாம்பும் வாங்கி வா என்று அனுப்பிவிட்டேன். இரண்டு மைல் வெயிலில் நடந்து போனாள். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘ஊரில் இல்லை’ என்று எழுதிக்கொண்டு டாக்டர் போனார். ரத்தத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கே அவளை நிறுத்தியிருப்பார்.

வைகாசி கடைசியில், கிணற்றின் முப்பதாவது படியில், தலையில் கூடையோடு அவள் உட்கார்ந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். சடையன் மேலிருந்து ஓடிப்போய்ப் பிடித்திராவிட்டால் பாறையில் விழுந்திருப்பாள். என் வண்டியில்தான் நாமக்கல்லுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். உடம்பில் ரத்தம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, இருதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். அண்ணன் மாதையன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன், அப்படியே ஓடிவந்து ரத்தம் கொடுத்தான்.

என்ன மருந்து சாப்பிட்டாள் என்று சேலத்து டாக்டர்கள் விசாரித்தார்கள். பெரியசாமிக்குத் தகவல் போனது. பூட்டி வைத்திருந்த எண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். அவள் தின்றது வெறும் மாத்திரை. நீதான் சம்மதம் கொடுத்தாயே என்று அவளைக் கேட்டதற்கு, "நான் வேணாமுன்னல்லங்க சொன்னேன்?" என்றாளாம். அதற்குப் பிறகுதான் நீதிபதி புறப்பட்டு எங்கள் ஊருக்கு வந்தார்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மேஜை மேல் அந்தப் பத்திரத்தை விரித்து, ‘மாரக்காளின் இடது பெருவிரல் ரேகை’ என்ற வரியைச் சத்தமாகப் படித்தார். பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"சாலம்மா, இந்தம்மா கைநாட்டு வைக்கும்போது நீங்க பார்த்தீங்களா?"

"இல்லீங்க ஐயா. எம் முன்னால வெச்சது முப்பத்தொம்பது பேருதான். மறுநா பத்திரம் வந்தப்ப நாப்பது இருந்துச்சு. பண்ணயக்காரர் கையெழுத்து இருந்ததால நான் கேக்கலைங்க."

"எனக்கு முப்பத்தொன்பதே போதுமே" என்றார் பெரியசாமி. அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "ஒண்ணு குறைஞ்சா கணக்கு ஒண்ணும் கெட்டுப்போகாதே."

நீதிபதி என்னைப் பார்த்தார். "நீங்க கமிட்டி மெம்பர். இந்த நிபந்தனையச் சொன்னவரே நீங்கதான். இது பொம்பளை விரல் மாதிரி தெரியலையே எனக்கு. நேர்ல பாத்துத்தான் எழுதினீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே வள்ளியாத்தாளின் சேலை தெரிந்தது. சுவரில் பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்த என் அப்பாவின் படம் மாட்டியிருந்தது. நான் எழுந்து நின்றேன். சொல்லத்தான் எழுந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"நான் வெச்சதுங்க" என்றான் சடையன்.

எல்லோரும் திரும்பினார்கள். கதவோரம் நின்றுகொண்டிருந்தான். இடது கையைத் துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தான்.

"பண்ணயக்காரருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவ சரின்னுட்டா, ஊட்டுல வெச்சு வெரல் வாங்கியாறேன்னு பொய் சொல்லிக் காயிதத்தக் கொண்டு போனனுங்க. நானே வெச்சுக் கொண்டாந்து குடுத்துட்டேன். அவரு என்ற பேச்ச நம்பி எழுதிப்போட்டாரு."

"ஏன் அப்படிச் செஞ்சே?"

"டாக்டரு மாத்திரை பெருசா இருக்குமுன்னு நெனச்சனுங்க."

மாதையன் பாய்ந்து வந்து அவனைக் கன்னத்தில் அறைந்தான். "த்தூ! கட்டுன பொண்டாட்டிய மாட்டக் குடுக்கற மாதிரி குடுத்துப்போட்டு வந்து நிக்கறியாடா? நீயெல்லாம் ஆம்பளையாடா?" சடையன் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. துண்டுக்குள் இருந்த கை துண்டுக்குள்ளேயே இருந்தது. அந்தக் கையைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கணவன் மனைவியின் சம்மதமின்றிக் கைநாட்டு வைத்ததாகவும், அடையாளம் காட்டியவர் நம்பிக்கையில் ஏமாந்ததாகவும் நீதிபதி எழுதினார். இனி ஒவ்வொரு பெண்ணும் இன்னொரு பெண் சாட்சி முன்னால், தன் கையாலேயே வைக்க வேண்டும் என்று புது விதி சேர்த்தார். கீழே கமிட்டி உறுப்பினர் என்ற இடத்தில் என் கையெழுத்தைக் கேட்டார். போட்டேன்.

எல்லோரும் போனபிறகு சடையன் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

"எதுக்குடா சொன்னே?"

"நீங்க அந்த எடத்துல வாயத் தொறந்துட்டுப் பேச முடியாம நின்னீங்க" என்றான். "பாக்க முடியலீங்க சாமி."

நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன். அதுவரை என் ஆயுசில் யாரும் என்னைப் பார்த்து இரக்கப்பட்டது இல்லை.

மாரக்காள் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஊருக்கு வரவில்லை. பிள்ளைகள் இரண்டையும் மாதையன் வந்து கூட்டிப்போனான். சடையன் வாராவாரம் சேந்தமங்கலம் போவான். வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, பிள்ளைகள் கையில் பொரிகடலையைக் கொடுத்துவிட்டு வருவான். "பேசினாளா?" என்று வள்ளியாத்தாள் கேட்பாள். "தண்ணிகூடக் குடுக்கலீங்க ஆத்தா" என்பான். மறுநாள் சாணி அள்ளுவான், கறப்பான், தானே களி கிண்டித் தின்பான். களியில் கட்டி தட்டியிருக்கும். அவனுக்குக் கிண்டத் தெரியாது.

ஊர் அவனைச் சும்மா விடவில்லை. டீக்கடையில் அவனைப் பார்த்தால், "ஏய் சடையா, என்ற ஊட்டுக்காரி பேருக்கும் ஒரு வெரல் வெச்சுத் தாடா" என்பார்கள். அவனும் சிரித்து வைப்பான்.

ஒருநாள் இலையைப் போட்டுவிட்டு வள்ளியாத்தாள் பரிமாறாமல் நின்றாள்.

"வெரல்ல பட்ட மை சோப்புப் போட்டாப் போயிருமுங்க" என்றாள். "நீங்களே போயிக் கூட்டியாங்க."

புரட்டாசியில்தான் அந்த வருஷத்து மழை வந்தது. நனைந்த செம்மண் வழுக்க வழுக்கச் சேந்தமங்கலத்தில் இறங்கி நடந்தேன். கொல்லிமலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. மாதையன் வீட்டுக் கூரைக்குக் கீழே மாரக்காள் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். மூச்சு வாங்கியது, சுவரைப் பிடித்து நின்றாள். இனிமேல் அவளால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உக்காருங்க" என்றாள். நான் உட்காரவில்லை.

"மாரக்கா, புள்ளைங்களோட வந்துரு. சடையன் ஒண்டியாக் கெடக்கறான். ஏதோ தெரியாமப் பண்ணிப்போட்டான்."

அவள் கையிலிருந்த கடலையை உடைத்தாள். பருப்பை முறத்திலும் தோலைக் கீழேயும் போட்டாள்.

"எந்த வெரலுங்க?"

"என்ன?"

"காயிதத்துல இருந்தது எந்தக் கை வெரலுன்னு எழுதியிருந்துச்சுங்க?"

நான் வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினேன்.

"எங்கண்ணங்கிட்டக் கேட்டனுங்க. நீதிபதி படிச்சாராமுங்களே, எடது பெருவெரலுன்னு. என்ற ஊட்டுக்காரருக்கு எடது பெருவெரல் நுனி ஏதுங்க? உங்க ஆலையிலதானே போச்சு? நாந்தானே மூணு மாசம் கட்டுக் கட்டுனேன்? எனக்குத் தெரியாதுங்களா?"

மழை மறுபடி தூற ஆரம்பித்தது.

"அவரு வெக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க. அவரு வெச்சிருந்தாக்கூட அடிச்சுப்போட்டுக் கூட இருந்திருப்பேன். வெக்காத ஆளு வெச்சேன்னு சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்கு ஆறல. நான் அங்க சாகக் கெடக்கறேன், அவருக்கு உங்க மானம் பெருசாப் போயிருச்சு. நான் வேணாமுன்னு சொன்ன ஒரு சொல்லு இருந்துச்சு. மொதல்ல நீங்க அத அழிச்சீங்க. அப்பறம் அவரும் அழிச்சாரு."

"இப்ப என்ன பண்ணச் சொல்றே?"

"அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல எத்தன பேரு இருந்தாங்களோ அத்தன பேரு காதுலயும் உழுகற மாதிரி நீங்க சொல்லோணுமுங்க. சொல்லிப்போட்டீங்கன்னா அன்னைக்குச் சாயந்தரமே வாரேன்."

முடியாது என்று நான் சொல்லவில்லை. சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். "யோசிங்க சாமி" என்றாள். குடையில்லாமல் வந்திருந்த எனக்கு ஒரு கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும்படி கொங்காணி மடித்துக் கொடுத்து அனுப்பினாள்.

அந்த வருஷம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாணம் முடியட்டும் என்றேன். மறுவருஷம் தலைப்பிரசவம் ஆகட்டும் என்றேன். கமிட்டியிலிருந்து வயசைச் சொல்லி விலகினேன். மாலை போட்டு அனுப்பினார்கள். அப்படியே மூன்று வருஷம் போய்விட்டது. போன தையில் நீதிபதி காலமானார். டாக்டர் பெரியசாமி வெளிநாடு போய்விட்டார். சாலம்மாள் ஆத்தூர்ப் பக்கம் மாறுதலாகிப் போனாள். மாரக்காள் கேட்ட கூட்டத்தை இனி யாராலும் கூட்ட முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி போகும். நீதிபதியின் பிரதி கமிட்டிக்குப் போகும். மாதையன் வீட்டுப் பிரதியை நானே எடுத்துப்போய், மாரக்காள் முன்னால் நின்று படிப்பேன். அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. சாயந்தரமே வருகிறேன் என்று அவள் சொன்னது மூன்று வருஷத்துக்கு முன்னால்.

சடையன் தன் பெண்டாட்டி பெயரில் கைநாட்டு வைத்து அவளை ஆராய்ச்சிக்குக் கொடுத்தான் என்று எருமப்பட்டிச் சந்தையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அது தப்பு. அது என் விரல்.